காலியாகத் திரும்பிய ஃபிளாஸ்க்

ஒரு நோயாளிக்கு ஒரு நம்பர். கொரோனா இரண்டாவது அலை அடித்த அந்த மே மாதத்தில் எங்கள் ஆஸ்பத்திரி ஐசியூவில் நிச்சயமாக இருந்த ஒரே விஷயம் அதுதான். ஆக்சிஜன் வரும், வராது. படுக்கை கிடைக்கும், கிடைக்காது. நம்பர் மட்டும் மாறாது. சேர்க்கும்போது யாருடைய மொபைல் நம்பரைக் கொடுத்தார்களோ அவரிடம் மட்டும்தான் நான் பேசலாம். பெண்டாட்டி கூப்பிட்டாலும் சரி, பெற்ற தாய் கூப்பிட்டாலும் சரி, "நம்பர் குடுத்தவங்களைக் கேட்டுக்குங்க" என்று சொல்லிப் போனை வைத்துவிட வேண்டும்.

இந்தச் சட்டத்தைப் போட்டவர்களை முதலில் நான் திட்டவில்லை. அதற்கு முந்தைய வருடம் ஒரே நோயாளிக்குக் குன்றத்தூரிலிருந்து சித்தப்பா, குரோம்பேட்டையிலிருந்து மாமா, துபாயிலிருந்து மச்சான் என்று ஆளாளுக்குக் கூப்பிட்டு, ஆளாளுக்கு ஒரு பதிலை வாங்கிக்கொண்டு, கடைசியில் எல்லோரும் வாசலில் வந்து நின்று கண்ணாடிக் கதவை உடைத்தார்கள். அதனால் ஒரே நம்பர். அவர்களிடம் பேசுவதற்கும் ஒரே ஆள். அந்த ஆள் நான்.

என் பெயர் தீபா. ஓபி சீட்டு போடும் கவுன்ட்டரில் இருந்தவள். ஓபியை மூடியதும் என்னைக் கொண்டுபோய்ப் பிசியோதெரபி அறையில் உட்காரவைத்து, கையில் ஒரு போனைக் கொடுத்தார்கள். சுற்றிலும் யாரும் மிதிக்காத உடற்பயிற்சி சைக்கிள்கள். டாக்டர் ரவுண்ட்ஸ் முடித்து ஒவ்வொருவரைப் பற்றியும் இரண்டு வரி சொல்வார். அதை நான் சாயங்காலம் குடும்பத்துக்குச் சொல்ல வேண்டும். எனக்குப் பேச்சு கறார், யார் அழுதாலும் கூட அழமாட்டேன் என்றுதான் இந்த வேலைக்கு என்னைப் போட்டார்களாம். பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு நான் செய்தது அவர்களுக்கு எப்படித் தெரியும்.

ஆளை உள்ளே விடமாட்டோம் என்றால் ஜனங்கள் எதையாவது உள்ளே அனுப்பப் பார்ப்பார்கள். திருநீர்மலைத் துளசி, பாஸ்டர் ஜெபித்துக் கொடுத்த எண்ணெய், பேத்தி வரைந்த படம், வீட்டுத் தலையணை. எதுவும் போகாது. ஜி.எஸ்.டி. ரோட்டுப் பக்கம் இருந்த கேட்டில் செக்யூரிட்டி பொன்னுரங்கம் நாளெல்லாம் இதையே சொல்லிக்கொண்டிருப்பார். "இன்னாமா நீ, துன்ற பொருள் எதுவும் உள்ள போவாதுன்னு எத்தினி வாட்டி சொல்றது?" என்பார். சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வார். அவரும் மனுஷன்தானே.

ஜீவரத்தினம் சார் எங்களிடம் வந்தது அப்போதுதான். சேலையூரில் வீடு. பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாராக இருந்து ரிட்டையர் ஆனவர். மூச்சு முட்டி, ஆம்புலன்சில் அள்ளிப் போட்டுக்கொண்டு வந்தார்கள். நம்பர் கொடுத்தது மகன் ஷெர்வின். ஐடி கம்பெனி வேலை, கல்யாணம் ஆகாதவன், வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறான். அம்மா ரத்தினபாய். வீட்டில் இவர்கள் இரண்டு பேர்தான்.

முதல் நாளே ஷெர்வின் என்னிடம் கேட்டான். "மேடம், அம்மாகிட்ட நான் பக்குவமா சொல்லிக்கிறேன். நீங்க டைரக்டா எதுவும் சொல்லிடாதீங்க."

"உங்க நம்பருக்குத்தான் பேசுவேன். வேற யாருக்கும் பேச எனக்கு அனுமதி இல்லை" என்றேன்.

"தேங்க்ஸ் மேடம்" என்றான். என்னமோ நான் அவனுக்காக அந்தச் சட்டத்தைப் போட்ட மாதிரி.

அவன் அப்பாவுக்கு மூக்கையும் வாயையும் மூடி இறுக்கமான மாஸ்க். அதைக் கழற்றினால் ஆக்சிஜன் அளவு இறங்கிவிடும். வாய்வழியாக ஒரு பருக்கை போகவில்லை. இதையெல்லாம் நான் தினமும் ஷெர்வினிடம் மறைக்காமல் சொன்னேன். "ஸ்டேபிள்" என்ற வார்த்தையைச் சொல்லச் சொல்லி மேலிடம் எனக்குக் கற்றுக்கொடுத்திருந்தது. எனக்கு அந்த வார்த்தையைக் கண்டாலே ஆகாது. நல்லாவும் இல்லை, சாகவும் இல்லை என்பதை வெள்ளைச் சட்டை போட்டுச் சொல்வது அது. அதனால் உள்ளதை உள்ளபடி சொன்னேன். அவனும் "ஓகே மேடம், ஓகே மேடம்" என்று கேட்டுக்கொண்டான்.

சில நாள் கழித்து ஆஸ்பத்திரி லேண்ட்லைனுக்கு ஒரு போன் வந்தது.

"நான் ஜீவரத்தினம் சார் வீட்ல பேசுறேன்ம்மா. அவர் கஞ்சி குடிக்கிறாருன்னு ஷெர்வின் சொன்னான். ஃபிளாஸ்க் காலியா வருது. உப்பு சரியா இருக்கான்னு அவர்கிட்ட கேட்டுச் சொல்ல முடியுமா?"

எந்தக் கஞ்சி, எந்த ஃபிளாஸ்க்? "நம்பர் குடுத்தவங்களைக் கேட்டுக்குங்கம்மா" என்றேன். சட்டம்தான் அப்போது எனக்குக் கைகொடுத்தது.

"சரிம்மா. அவன்கிட்டயே கேட்டுக்கிறேன். நீங்க சாப்பிட்டீங்களா?" என்றார். அந்த மாதம் என்னிடம் யாரும் அதைக் கேட்டதில்லை.

வைத்துவிட்டு நேராகக் கேட்டுக்குப் போனேன். பொன்னுரங்கம் சொன்னார். "சேலையூர் பையனா? டெய்லி ஃபிளாஸ்க்கோட வர்றான்மா. உள்ள வாங்கமாட்டோம்னுட்டேன். அதுக்கோசரம் போய்டல. அங்க வேப்பமரத்தாண்ட கார போட்டுகினு, உள்ள குந்திகினு அவனே குடிக்கிறான். அய்துகினே குடிக்கிறான். அப்பறம் கேன் தண்ணிய ஊத்திக் கய்வி எடுத்துகினு போறான்."

அன்று சாயங்காலம் ஷெர்வினை ஒரு பிடி பிடித்தேன். "அம்மாகிட்ட உண்மையைச் சொல்லுங்க. நாளைக்கு ஏதாவது ஒண்ணுன்னா, கஞ்சி குடிச்ச மனுஷன் எப்படிப் போனார்னு கேட்டா என்ன சொல்வீங்க?"

"அம்மாவுக்கு பிபி இருக்கு மேடம். முதல் நாள் ஃபிளாஸ்க்கை உள்ள வாங்கலைன்னதும், அதை அப்படியே திருப்பி எடுத்துட்டுப் போக எனக்கு மனசு வரலை. காலியா கொண்டுபோய்க் குடுத்தேன். அதைப் பார்த்து அவங்க முகத்துல ஒரு இது வந்துச்சு. இனி எப்படி மாத்திச் சொல்றது?"

கோபப்பட்டு என்ன ஆகப்போகிறது. அவன் வயதில் பாதிப் பேர் போனை அணைத்துவைத்துவிட்டு எங்கேயோ போய்விட்டார்கள். இவன் தினமும் வந்து நிற்கிறான்.

ஜீவரத்தினம் சாருக்கு நாளுக்கு நாள் முடியவில்லை. ஒரு மத்தியானம் டாக்டர் என் அறைக்கே வந்தார். ஆள் சோர்ந்துவிட்டார், இனி ட்யூப் போட்டு வென்டிலேட்டரில்தான் வைக்க வேண்டும், போட்டுவிட்டால் பேச முடியாது, மயக்கத்தில்தான் இருப்பார், அதற்கு முன்னால் குடும்பத்தைப் பேச வைத்துவிடு என்றார். ட்யூப் போட்டவர்களில் திரும்பி எழுந்தவர்கள் எத்தனை பேர் என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

ஷெர்வினைக் கூப்பிட்டேன். விஷயத்தைச் சொன்னேன். "வீடியோ கால் போடுறேன். அம்மாவைப் பக்கத்துல கூட்டிட்டு வாங்க."

"இப்பவா?"

"இப்பவே. டாக்டர் காத்திருக்கார்."

"மேடம், அம்மா இந்த நிலைமையில அப்பாவைப் பார்த்தா அங்கேயே விழுந்துடுவாங்க."

"விழுந்தா தூக்கிக்கலாம். கூப்பிடுங்க ஷெர்வின். இது மாதிரி இன்னொரு தடவை கிடைக்காது."

"ப்ளீஸ் மேடம். நான் மட்டும் பேசுறேன். அப்பா நல்லாயிட்டு வந்து அவங்ககிட்ட பேசட்டும்."

அவன் நம்பரைத் தவிர வேறு நம்பருக்கு நான் போட முடியாது. அவனுக்கே போட்டேன். உள்ளே கிருபா சிஸ்டர் கவச உடையோடு டேப்லெட்டைப் பிடித்துக்கொண்டாள். இணைப்பைப் போட்டுக் கொடுப்பது நான் என்பதால் என் திரையிலும் இரண்டு பக்கமும் தெரியும். ஒரு பக்கம் மொட்டைமாடி, தண்ணீர் டேங்க், ஷெர்வினின் முகம். இன்னொரு பக்கம் ஜீவரத்தினம் சார். மாஸ்க்கைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்தாள் கிருபா. பல்செட் இல்லாத வாய் உள்ளே ஒடுங்கியிருந்தது.

"அம்மா எங்க?" என்றார். அதுதான் முதல் பேச்சு.

"அப்பா, எப்படி இருக்கீங்க? டாக்டர் நல்லா பார்க்கிறாங்கப்பா. ஒரு சின்ன ட்யூப்தான் போடுறாங்க."

"அம்மாகிட்ட குடு."

"அம்மா தூங்குறாங்கப்பா. நேத்து ராத்திரி சரியா தூங்கலை. இப்பத்தான் படுத்தாங்க."

அவன் சொல்லி வாய் மூடவில்லை, மாடிப்படியின் கீழேயிருந்து ஒரு குரல் வந்தது. "ஷெர்வின், காபி ஆறுதுப்பா." எனக்கே தெளிவாகக் கேட்டது. ஷெர்வின் போனைக் கையால் பொத்தினான், கேட்டு முடித்த பிறகு.

ஜீவரத்தினம் சார் கண்ணை மூடித் திறந்தார். மாஸ்க்கைப் போடவந்த கிருபாவின் கையை விலக்கினார். "சரிப்பா. தூங்கட்டும். எழுப்பாத" என்றார்.

அப்புறம் மாஸ்க்கை மாட்டிவிட்டார்கள். ஷெர்வின் பைபிளிலிருந்து ஒரு சங்கீதம் வாசித்தான், பாதியில் நின்றது. டாக்டர் கையைக் காட்ட, கிருபா இணைப்பைத் துண்டித்தாள். எனக்கு அந்தப் பையனை ஓங்கி ஒரு அறை விட வேண்டும் போலவும் இருந்தது, கட்டிப் பிடித்துக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது. போன் வழியாக இரண்டும் ஆகாது.

ட்யூப் போட்டவர்களுக்காக நாங்கள் ஒன்று செய்வோம். வீட்டாரைப் பேசச் சொல்லி ஆடியோவாக வாங்கி, சிஸ்டர்கள் நோயாளியின் காதருகே போட்டுக்காட்டுவார்கள். மயக்கத்தில் இருந்தாலும் காது கேட்கலாம் என்று டாக்டர் சொல்வார். மறுநாள் ஷெர்வினிடம் சொன்னேன். "இதையாவது அம்மாவைப் பேசச் சொல்லுங்க. அவங்க அவரைப் பார்க்க வேணாம். மனசுல இருக்கிறதைச் சொல்லட்டும்."

அப்பாவுக்குத் தொண்டை வலி, பேசக் கூடாதாம், நீங்க பேசி அனுப்புங்க என்று சொல்லி வாங்குவதாகச் சொன்னான். சாயங்காலம் வந்தது. போட்டுக்காட்டும் முன் நான் கேட்டுப் பார்க்க வேண்டும். கேட்டேன்.

"ஷெர்வின் அப்பா, நான்தான். மோட்டார் ரிப்பேர் பண்ணியாச்சு. கறிவேப்பிலை நல்லா துளிர் விட்டிருக்கு. கஞ்சி முழுக்கக் குடிக்கிறீங்கன்னு ஷெர்வின் சொன்னான், சந்தோஷம். நாளைக்கு உப்பு கொஞ்சம் கூட போடுறேன். தொண்டை சரியானதும் பேசலாம். ஷெர்வின் என்னை நல்லா பார்த்துக்கிறான். நீங்க கவலைப்படாதீங்க. வெச்சிடுறேன்."

அவ்வளவுதான். வாயில் ட்யூப்போடு கிடக்கிற மனுஷனிடம் உப்பைப் பற்றிப் பேசுகிறார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது, அந்தம்மா மேல் அல்ல. உண்மை தெரிந்திருந்தால் அவர் இதையா பேசியிருப்பார். கிருபாவிடம் அனுப்பினேன். அவள் காதோடு வைத்துத் திரும்பத் திரும்பப் போட்டாளாம். "முகத்துல ஒண்ணும் தெரியலைக்கா" என்றாள்.

அவர் அதன் பிறகு அதிக நாள் இல்லை. ஒரு காலையில் போய்விட்டார். ஷெர்வினுக்கு நான்தான் சொன்னேன். அவன் "ஓகே மேடம்" என்றான். உடம்பை வீட்டுக்குக் கொடுக்கவில்லை. பையில் கட்டி நேராகக் கல்லறைத் தோட்டத்துக்கு. முகத்தைத் திறந்து காட்டவில்லை என்று கேள்விப்பட்டேன்.

ஒரு வாரம் இருக்கும். ரத்தினபாய் அவருடைய பொருட்களை வாங்க என் அறைக்கு வந்தார். ஷெர்வின் அவரை வாசலில் இறக்கிவிட்டுக் காரை நிறுத்த இடம் தேடிப் போயிருந்தான். நான் மனதில் வரைந்துவைத்திருந்ததைவிடச் சின்ன உருவம். வெள்ளைச் சேலை, கையில் ஒரு துணிப்பை. என் குரலைக் கேட்டதும், "நீங்கதானா அது" என்றார். கவரைக் கொடுத்தேன். கண்ணாடி, வாட்ச், ஒரு கைக்குட்டை. எடுத்துப் பார்த்தார்.

"பல்செட் கொண்டுவந்தாரான்னு தேட வேணாம்மா. அது வீட்லதான் இருக்கு. ஆம்புலன்ஸ் வந்த அவசரத்துல விட்டுட்டுப் போயிட்டார். பாத்ரூம் ஷெல்ஃப்ல டம்ளர்ல கிடக்கு" என்றார்.

கையெழுத்துப் போட நான் ரெஜிஸ்டரை நீட்டினேன்.

"முதல் நாள் கஞ்சியோட உப்பு நார்த்தங்காய் வெச்சு அனுப்பினேன். காய்ஞ்சது, நல்லா மெல்லணும். அவருக்கு உயிர். அனுப்பினப்புறம்தான் பல்செட் கிடக்கிறதைப் பார்த்தேன். டப்பா சுத்தமா காலியா வந்துச்சு. பல்லு இல்லாம எப்படிக் கடிச்சார்னு யோசிச்சேன். ஷெர்வின் சட்டையில நார்த்தங்காய் வாசம்."

"அப்போ உங்களுக்கு முதல் நாளே..."

"தெரியும்மா. பெத்தவளுக்குத் தெரியாதா. அவன் வீட்ல ஒரு வாய் சாப்பிடலை. தட்டு முன்னாடி உட்கார்ந்து எழுந்து போயிடுவான். இந்தக் கஞ்சியாவது உள்ள போகுதேன்னு தினம் வெச்சு அனுப்பினேன். எனக்குத் தெரியும்னு தெரிஞ்சா அதுவும் நின்னுடும். அப்பாவுக்காகக் கஷ்டப்படுற புள்ளை, எனக்காக வேற ஏன் கஷ்டப்படணும்."

"அந்த ஆடியோ?"

அவர் கைக்குட்டையை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். "அவன் போனைப் பிடிச்சுகிட்டு எதிர்ல நிக்கிறான். நான் எப்படிம்மா பேசுவேன்? தொண்டை வலின்னான். ட்யூப் போட்டுட்டாங்கன்னு புரிஞ்சுது. சொல்றதுக்கு எவ்வளவோ இருந்துச்சு. சொன்னா எனக்குத் தெரியும்னு அவனுக்குத் தெரிஞ்சுடும். அதான் மோட்டாரைப் பத்திப் பேசினேன்."

அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கணும்மா. ட்யூப் போடுறதுக்கு முன்னாடி அவர் யார்கிட்டயாவது என்னைக் கேட்டாரா?"

இல்லை என்று சொன்னால் மகன் தப்புவான். ஆனால் அந்த மனுஷன் கடைசி மூச்சை இழுத்து வாங்கிக் கேட்ட கேள்வியை நான் தின்றுவிட்டதாக ஆகும். அந்தக் குடும்பத்தில் ஏற்கனவே மூன்று பேர் ஒருவருக்கொருவர் மறைத்து மறைத்து இந்தக் கதிக்கு வந்து நிற்கிறார்கள். நாலாவதாக நான் எதற்கு?

"கேட்டார்" என்றேன். "வீடியோ கால்ல. அம்மா எங்கன்னுதான் முதல்ல கேட்டார்."

"கால் வந்துச்சா?"

"ஷெர்வினுக்குப் போட்டோம். நீங்க தாங்கமாட்டீங்கன்னு பயந்துட்டான். தூங்குறீங்கன்னு சொன்னான்."

ரத்தினபாய் பக்கத்தில் இருந்த உடற்பயிற்சி சைக்கிளின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். அப்புறம், "அவர் ஆஸ்பத்திரிக்குப் போனதுலேர்ந்து நான் கண்ணே மூடலைம்மா" என்றார். "கண்ணே மூடலை."

"உங்க குரல் அவருக்குக் கேட்டுச்சு. ஷெர்வினைக் காபிக்குக் கூப்பிட்டீங்க. அது கேட்டுச்சு. அப்புறம் அவர், தூங்கட்டும், எழுப்பாதன்னு சொன்னார்."

ஏன் சொன்னேனோ. ஆறுதல் என்று நினைத்துச் சொன்னேன். அவர் முகத்தைப் பார்த்ததும் அது ஆறுதல் இல்லை என்று தெரிந்துவிட்டது. முழித்திருந்தும் தான் வராமல் இருந்துவிட்டதாகக் கணவர் நினைத்திருப்பாரோ என்ற கேள்வி அந்தக் கண்களில் வந்து நின்றது. அதற்கு இனி யாரும் பதில் சொல்ல முடியாது. உயிரோடு இருக்கும்வரை அந்தம்மா அதைச் சுமக்க வேண்டும். அதை அவர் தலையில் ஏற்றியவள் நான்.

வராந்தாவில் ஷெர்வினின் செருப்புச் சத்தம் கேட்டது. ரத்தினபாய் கைப்பிடியை விட்டார். சேலையைச் சரிசெய்துகொண்டார். என் பக்கம் குனிந்து, "நீங்க எனக்குச் சொன்னது அவனுக்குத் தெரிய வேணாம்மா. தாங்கமாட்டான்" என்றார்.

ஷெர்வின் உள்ளே வந்தான். தாடி, கண்ணுக்குக் கீழே கருப்பு. "போலாமாம்மா?"

"போலாம்ப்பா. மேடத்துகிட்ட பேசிட்டிருந்தேன். அப்பா கடைசி வரைக்கும் நிம்மதியா இருந்தாராம். வலியே தெரியலையாம்" என்றார். நான் தலையை ஆட்டினேன்.

அம்மாவை முன்னால் போகவிட்டு அவன் ஒரு நிமிடம் பின்தங்கினான். குரலைத் தாழ்த்திக்கொண்டான். "மேடம், அந்த வீடியோ கால் பத்தி அம்மாகிட்ட எதுவும் சொல்லிடலையே?"

வாசலில் ரத்தினபாய் திரும்பி நின்று எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். துணிப்பையின் வாயில் ஃபிளாஸ்க்கின் மூடி தெரிந்தது.

"சொல்லலை" என்றேன்.

"தேங்க்ஸ் மேடம்" என்று சொல்லிவிட்டுப் போய் அம்மாவின் கையைப் பிடித்துப் படியில் இறக்கினான்.